மஞ்சப்பைக்குள் வந்த புது மாணவன்

குழந்தைகளே, உங்கள் வகுப்பறைக்குள் இதுவரை என்னென்ன விருந்தாளிகள் வந்திருக்கின்றன? ஜன்னல் வழியாகக் குருவி வந்திருக்கும். சத்துணவு வாசனைக்கு நாய் வந்து வாசலில் படுத்திருக்கும். குரங்கு வந்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும். கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகள் என்றால், காட்டெருமை மைதானத்தில் நின்றுகொண்டு காலைப் பிரேயரையே தள்ளிப்போட வைத்த கதையைச் சொல்வீர்கள்!

என் வகுப்புக்கு ஒரு ஆமை வந்தது.

1996, டிசம்பர் மாதம். பழனி மலையில், கொடைக்கானலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடுநிலைப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை. ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரே கிசுகிசுப்பு. எட்டிப் பார்த்தால், ஒரு பையனின் மடியில் மஞ்சப்பை. பை தானாக அசைந்தது!

"என்னடா அது?"

"அம்மாச்சி ஊர்ல கெடச்சுது டீச்சர். வேலியோரம் போய்க்கிட்டு இருந்துச்சு. நம்ம வகுப்புக்குன்னு கொண்டாந்தேன்."

அவனுடைய அம்மாச்சிக்குப் பழனி அடிவாரத்தில் ஒரு கிராமம். சனி, ஞாயிறு லீவுக்குப் போனவன், பஸ்ஸில் மடியில் வைத்தே மலையேற்றிக் கொண்டுவந்திருக்கிறான். பையைத் திறந்தான். உள்ளங்கை அளவில் ஒரு நட்சத்திர ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள், ஒவ்வொரு கட்டத்திலும் நட்சத்திரம் போட்டதுபோல. நாற்பது பிள்ளைகளும் என் மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை.

இந்த இடத்தில் ஆமையைக் கொஞ்ச நேரம் மேஜை மேலேயே விட்டுவிட்டு, உங்களுக்கு இன்னொரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால், இதே மலையில் பள்ளிக்கூடத்துக்குள் ஊர்வனவற்றைக் கொண்டுபோன பையன் இவன் மட்டும் இல்லை. அவனுக்கு நாற்பது வருடம் முன்னாலேயே இன்னொருவன் கொண்டுபோனான். அவன் கொண்டுபோனது ஆமை அல்ல. மலைப்பாம்பு!

அந்தப் பையன் பெயர் ரோமுலஸ் விட்டேகர். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தவர். நான்கு வயதில் வெளியே விளையாடப் போனவர், ஒரு பாம்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றார். உங்கள் அம்மாவாக இருந்தால் என்ன செய்திருப்பார்? (எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் செய்திருப்பேன்!) அவருடைய அம்மா கத்தவில்லை. பாம்பை ரசித்துப் பார்த்தார். மகனைப் பாம்பு வளர்க்கவும் விட்டார்.

1951-ல் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. சிறுவனைக் கொடைக்கானலில், 1901-ல் தொடங்கப்பட்ட ஒரு பழைய உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள். இன்று அதன் பெயர் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1960-ல் படிப்பை முடிக்கும்வரை அவருக்கு அந்த மலைதான் ஊர், அந்தக் காடுதான் விளையாட்டு மைதானம். விடுதியில் தன் கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பை வளர்த்தார். மற்ற பிள்ளைகளின் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி. இவர் கட்டிலுக்கு அடியில் பாம்பு!

மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. இரையைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொல்லும். ஒருமுறை வயிறு நிறையச் சாப்பிட்டால் வாரக்கணக்கில் பேசாமல் கிடக்கும். முட்டையிட்ட தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, தன் உடம்பை விட்டு விட்டு உதறி, அந்த உதறலில் வரும் சூட்டால் முட்டைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும். பாம்பு இனத்தில் இது அபூர்வமான வித்தை. கட்டிலுக்கு அடியில் இப்படி ஒரு பிராணி இருந்தால் யாருக்குத்தான் பாடப் புத்தகத்தில் மனம் நிற்கும்?

பெரியவரானபின் அவர் அமெரிக்காவுக்குப் போய், மியாமி நகரில் பாம்புகளிடமிருந்து விஷம் எடுக்கும் ஒரு பண்ணையில் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1969-ல் சென்னைக்குப் பக்கத்தில் சேலையூரில் ஒரு பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். அது பிறகு கிண்டிக்கு இடம் மாறியது. நீங்கள் சுற்றுலா போய்ப் பார்த்திருப்பீர்களே, அதே கிண்டி பாம்புப் பண்ணைதான்! 1976-ல் மாமல்லபுரம் போகும் வழியில் முதலைப் பண்ணையும் வந்தது. 2018-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

அந்தப் பண்ணை வந்ததால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்கிறீர்களா? நான் சிறுமியாக இருந்தபோது பாம்பைப் பார்க்க இரண்டே வழி. ஒன்று, பள்ளிக்கு வரும் பாம்பாட்டி. அவர் கூடையில் இருக்கும் நல்லபாம்புக்கு விஷப்பல்லைப் பிடுங்கியிருப்பார்கள். பாவம், அது அதிக நாள் இருக்காது. இன்னொன்று, அடித்துப் போட்ட பாம்பு. உயிரோடும் முழுசாகவும் இருக்கிற பாம்பைப் பயப்படாமல் நின்று பார்க்கிற வாய்ப்பைப் பாம்புப் பண்ணைதான் கொடுத்தது. எது விஷப்பாம்பு, எது சாரைப்பாம்பு என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

இது சின்ன விஷயம் அல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் அதிகம் பேரைக் கொல்பவை. இந்த நான்கையும் பிடித்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறவர்கள் யார் தெரியுமா? நம் இருளர்கள். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்த அவர்கள், விட்டேகரும் சேர்ந்து உழைத்ததில், 1978-ல் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அந்த விஷத்தைத் துளித் துளியாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்திலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து தயாரிக்கிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் வாயால் உறிஞ்சக் கூடாது, கத்தியால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து, 108-க்கு போன் செய்து, நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைப் படித்ததும் வீட்டில் தாத்தா பாட்டியிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

சரி, மேஜை மேல் விட்டுவந்த ஆமையிடம் போவோம்.

எத்தனை கேரட் வைத்தும்...

பிள்ளைகள் அதற்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார்கள். காய்ந்த புல் பரப்பினார்கள். ஒருத்தி ஓட்டின் மேல் சாக்பீஸால் '7' என்று எழுதினாள், நம் வகுப்பு என்று தெரியட்டுமாம்! எங்கள் ஊரில் காய்கறிக்கா பஞ்சம்? கேரட், முட்டைக்கோஸ் இலை, பீன்ஸ் எல்லாம் வந்து குவிந்தன. பன் கூட வந்தது. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க. நீங்க பள்ளிக்கூடத்துக்குள்ளயே விட்டிருக்கீங்களே டீச்சர்!" என்று சிரித்தார். "ரெண்டு நாள் இருக்கட்டும் சார், பிள்ளைங்க பாத்துக்கட்டும்" என்றேன் நான்.

இரண்டு நாள் ஒன்பது நாளானது. அது என் தப்பு.

ஆமை சாப்பிடவே இல்லை. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்லைப்போலக் கிடந்தது. வியாழக்கிழமை காலை ஒரு சிறுமி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு டீச்சர்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கொண்டுவந்த பையன் அழவில்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

அன்று பதினோரு மணிக்கு மூடுபனி விலகி, ஜன்னல் வழியாக வெயில் சரியாக அந்தப் பெட்டி மேல் விழுந்தது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். முதலில் ஒரு கால் வெளியே வந்தது. பிறகு மூக்கு. பிறகு கழுத்தை நீட்டி எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தது! வகுப்பே கைதட்டியது. ஆனால் மறுபடி பனி இறங்கியதும், ஆமையும் உள்ளே போய்விட்டது.

நான் அதற்குள் பத்து வருடத்துக்கும் மேலாக 'ஊர்வன குளிர் ரத்தப் பிராணிகள்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தியிருந்தேன். அதன் அர்த்தம் எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

குளிர் ரத்தம் என்றால் ரத்தம் ஐஸ் மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். நம் உடம்பு ஓர் அடுப்பு. சாப்பிட்ட சோற்றை எரித்து எப்போதும் 37 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே நம்மை வைத்திருக்கும். ஆமை, பாம்பு, ஓணான், பல்லி இவற்றுக்குள் அந்த அடுப்பு இல்லை. சூரியன்தான் அடுப்பு. வெயிலில் வந்து உட்கார்ந்து சூடேற்றிக்கொள்ளும். சூடு அதிகமானால் நிழலுக்குப் போகும். சூடு இருந்தால்தான் கால் நடக்கும், கண் பார்க்கும், வயிறு செரிக்கும். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. அடுப்பு எரிக்க வேண்டாம் என்பதால் நம்மைவிட மிகக் கொஞ்சமாகச் சாப்பிட்டே அவை காலம் தள்ளிவிடும்.

ஒரு கணக்கு போடுங்கள். பழனி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். அப்படியானால் கீழே இருந்து மேலே வந்தால் எவ்வளவு குறையும்? சுமார் பன்னிரண்டு டிகிரி! நமக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஆமைக்கு ஸ்வெட்டர் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் உள்ளே காப்பாற்றி வைக்கச் சூடே இல்லையே. நட்சத்திர ஆமை முள்ளும் புல்லும் நிறைந்த வெயில் காட்டுக்காரன். அவனை மடியில் வைத்து மலையேற்றிவிட்டு, கேரட் வைத்தால் எப்படிச் சாப்பிடுவான்? குளிரில் சாப்பிட்டாலும் வயிற்றுக்குள் செரிக்காமல் கெட்டுப்போகும்.

எட்டாம் நாள் அதன் மூக்கில் சிறு குமிழிகள் வந்தன. மூச்சு விடும்போது லேசான சத்தம். ஆமைக்குச் சளி! சளிதானே என்று சிரிக்காதீர்கள். ஆமையால் நம்மைப்போல இருமித் துப்ப முடியாது. நுரையீரலில் தங்கினால் உயிருக்கே ஆபத்து.

அன்று மாலை எங்கள் ஊருக்கு வந்திருந்த வனவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"டீச்சர், இத வச்சிருந்தாலே கேஸ். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நட்சத்திர ஆமை, மலைப்பாம்பு, உடும்பு, பச்சோந்தி என்று நம் காட்டு உயிர்கள் பலவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். சிறைத் தண்டனை வரை உண்டு. விட்டேகர் கட்டிலுக்கு அடியில் பாம்பு வளர்த்த காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. இன்று அதே கொடைக்கானலில் ஒரு மாணவன் மலைப்பாம்பைக் கொண்டுவந்தால், பாம்பு காட்டுக்கும் பையனின் அப்பா வனத்துறை அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்பீர்கள். ஓட்டில் உள்ள அந்த அழகான நட்சத்திரமே ஆமைக்கு எமன். வளர்ப்பதற்கென்று ஆயிரக்கணக்கில் பிடித்து, துணியில் சுற்றி, பெட்டிகளில் அடைத்து வெளிநாடுகளுக்குக் கடத்துகிறார்கள். வழியிலேயே பல செத்துப்போகின்றன. 2019-ல் உலக நாடுகள் கூடி, வணிகத்துக்காக நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு கொண்டுபோவதையே தடை செய்தன.

'அப்படியென்றால் மீன் கடையில் குட்டி ஆமை விற்கிறார்களே?' என்று ஒரு குறும்புக்காரர் கேட்பது காதில் விழுகிறது. காதருகில் சிவப்புக் கோடு போட்ட பச்சைக் குட்டி ஆமைதானே? அது அமெரிக்கச் சரக்கு. வாங்கும்போது தீப்பெட்டி அளவு. வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு! தொட்டி போதாமல் ஊர்க் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே நம் ஊர் ஆமைகளின் சாப்பாட்டையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். அதுமட்டுமா? இந்த ஆமைகளின் உடம்பில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. தொட்டுவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். இதனால் அமெரிக்காவிலேயே 1975-ல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைக் குட்டிகளை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். குட்டி என்றால் பிள்ளைகள் முத்தம் கொடுக்கிறார்கள், வாயில் வைக்கிறார்கள், அதனால்தான்!

பஸ்ஸில் கேட்ட சத்தம்

வனவர் நல்ல மனிதர். "கேஸ் எல்லாம் வேண்டாம். அடிவாரத்துல எங்க ஆபீஸ் இருக்கு, நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துடுங்க, நான் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

மறுநாள். நானும் அந்தப் பையனும் பழனி பஸ் ஏறினோம். ஆமை அதே மஞ்சப்பையில், அவன் மடியில். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நானும் சும்மா இருந்தேன். என்ன சொல்வது? கொண்டுவந்தது அவன், வைத்துக்கொண்டது நான்.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக இறங்கியது பஸ். முதலில் ஸ்வெட்டரைக் கழற்றினோம். பிறகு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். காற்றில் குளிர் போய் வெதுவெதுப்பு வந்தது. பாதி மலை தாண்டியிருப்போம். பைக்குள் 'சர்க்' என்று ஒரு சத்தம். அவன் என்னைப் பார்த்தான். இன்னும் இரண்டு வளைவு. 'சர்க், சர்க்'. நகத்தால் துணியைப் பிறாண்டுகிற சத்தம்! அடிவாரம் வருவதற்குள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கண்டக்டர், "என்ன தம்பி, கோழியா?" என்றார். பையன் ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

வனத்துறைக்காரர்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, சளி குணமானபிறகு, அதே மாதிரி ஆமைகள் இருக்கிற முள்காட்டில் விட்டுவிட்டதாக வனவர் பிறகு சொன்னார்.

ஆனால் வகுப்பில் காலிப் பெட்டி அப்படியே இருந்தது. அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. அப்போதுதான் ஒரு யோசனை. எங்கள் பள்ளிக்கூடத்து வேலியிலேயே மலை ஓணான்கள் உண்டு. பச்சை உடம்பு, பிடரியில் முள் வரிசை, குட்டி டிராகன் மாதிரி இருக்கும். பழனி மலை, ஆனைமலைப் பக்கத்து உயரமான இடங்களில் மட்டும் வாழ்கிற ஓணான் அது. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது! தோட்டத்தில் மண் கொத்தும்போது இன்னொரு அதிசயமும் வரும். வால் நுனி வெட்டிவிட்டதுபோலச் சொரசொரவென்று, மண் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பாம்பு. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழு தின்னும். யாரையும் கடிக்காது. குட்டி போடும். அதில் ஒரு வகைக்கு அறிவியல் பெயரிலேயே நம் பழனி மலையின் பெயர் இருக்கிறது. இவர்கள் எல்லாம் நம் பள்ளியில் நமக்கு முன்பே சேர்ந்தவர்கள். இவர்களைப் பிடிக்க வேண்டாம், பையில் போட வேண்டாம், கேரட் வைக்க வேண்டாம். பார்த்தால் போதும்.

பையனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். தினமும் காலை பத்து மணிக்கு வேலியோரம் நடந்து, எத்தனை ஓணான் வெயில் காய்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். தள்ளி நின்றுதான், கல் எறியாமல்! சமவெளியில் இருக்கிற நீங்கள் ராத்திரி டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் எத்தனை பல்லி வருகிறது என்று எண்ணலாம். மழை நாளில் எத்தனை, புழுக்கமான நாளில் எத்தனை என்று எழுதிப் பாருங்கள்.

பொங்கல் லீவு முடிந்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி, வானம், ஓணான் எண்ணிக்கை என்று நான் மூன்று கட்டம்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். 'வெயில் – 4', 'மேகம் – 1', 'மூடுபனி – 0' என்று ஒழுங்காக எழுதியிருந்தான். ஆனால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கட்டம் அவனே போட்டிருந்தான். அதற்குத் தலைப்பு 'கீழே'. என்னடா இது என்று கேட்டேன். தினமும் காலையில் பழனியிலிருந்து வரும் பஸ் கண்டக்டரிடம் கேட்டு எழுதுகிறானாம்.

ஓணான் கட்டத்தில் பூஜ்யம் போட்ட நாட்களில்கூட, அந்த நாலாவது கட்டத்தில் 'வெயில்' என்றே எழுதியிருந்தது.